இரண்டு வயதுப் பிள்ளையோடு நத்தார் கைவேலை: கொழும்பில் கிடைக்கிற சாமான்களை வைத்து என்ன செய்யலாம்?

பம்பலப்பிட்டித் தாய்

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு இப்போது இரண்டேகால் வயது. இந்த நத்தாருக்கு வீட்டுச் சோடனையில் அவளுடைய கையும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வீடியோக்களைப் பார்த்தால் பைன் காய், ஃபெல்ட் துணி, குளூ கன் என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் தாய் எல்லாவற்றையும் செய்து முடிக்க, பிள்ளை பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கிறது. எனக்கு அந்த மாதிரி வேண்டாம்.

எங்களுடையது சின்ன ஃபிளட். ஓவன் இல்லை, காஸ் அடுப்புதான். கடல் பக்கம் பார்த்த பல்கனிக் கண்ணாடிக் கதவு ஒன்று இருக்கிறது. பிள்ளை இன்னும் கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைப்பாள். அதோடு லண்டனில் இருக்கும் அம்மம்மாவுக்கு அவள் செய்த ஏதாவது ஒன்றை அனுப்பவும் வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்பள்ளி ரீச்சர்

தங்கச்சி, நான் முன்பள்ளியில் ஆகச் சிறிய பிள்ளைகளோடு இருப்பவள். இரண்டு வயதில் பிள்ளைக்குக் கிழிக்கத் தெரியும், ஒட்டத் தெரியும், அமர்த்தத் தெரியும், ஒன்றுக்குள் இன்னொன்றைப் போடத் தெரியும். வெட்டுவதும் முடிச்சுப் போடுவதும் கோட்டுக்குள் நிறம் தீட்டுவதும் பிறகுதான் வரும். ஆகவே எந்தக் கைவேலையைப் பார்த்தாலும் இதில் பிள்ளை கிழிக்க, ஒட்ட, அமர்த்த, போட என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அது பெரியவர்களின் வேலை. உங்களுக்கு ஆசையாக இருந்தால் பிள்ளை படுத்த பிறகு இரவில் செய்யலாம், அதில் பிழை ஒன்றும் இல்லை.

கடல் பக்கக் கண்ணாடிக் கதவு இருக்கிறது என்றீர்களே, உங்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். கொப்பிக்கு உறை போடுகிற, பின்பக்கம் ஒட்டுகிற தெளிந்த பிளாஸ்டிக் ரோல் புத்தகக் கடைகளில் இருக்கும். புதுத் தவணை வரப்போவதால் இப்போது எல்லாக் கடையிலும் தாராளமாக வைத்திருப்பார்கள். இரண்டு முழம் வெட்டி, பின்தாளை உரித்து, ஒட்டும் பக்கம் பிள்ளையைப் பார்க்கும்படி கண்ணாடியில் வைத்து நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பிடித்துவிடுங்கள். பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். கீழே ஒரு பேசினில் பச்சை, சிவப்பு, மஞ்சள் டிஷ்யூ தாள்.

முதல் வேலை கிழிப்பது. சும்மா பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் கவனித்துப் பாருங்கள்: ஒரு கை தாளைப் பிடித்துக்கொள்ள மறு கை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்வது இந்த வயதில் பெரிய காரியம். தொடக்கத்தில் தாளின் ஓரத்தில் நீங்கள் சின்னதாக ஒரு கிழிசல் வைத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள். கிழித்த துண்டை ஒட்டும் பிளாஸ்டிக்கில் வைத்தால் அது அப்படியே நிற்கும். பசை வேண்டாம், துடைக்க வேண்டாம், வாயில் போகப் பசையும் இல்லை. வைத்த துண்டைப் பிய்த்து வேறு இடத்தில் வைப்பாள், விடுங்கள். நின்றுகொண்டு செய்வதால் தோளும் முழங்கையும் கூடவே வேலை செய்யும்.

அவளுக்கு அலுத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நாளும் அந்தக் கதவு அங்கேதான் இருக்கும். நிறைந்ததும் மேலே இன்னொரு துண்டு உறையை ஒட்டி மூடிவிடுங்கள். கறுப்பு பிரிஸ்டல் போர்ட்டில் நடுவே நட்சத்திரம் ஒன்றை வெட்டியெடுத்து, ஓட்டை விழுந்த அந்த மட்டையை அதன்மேல் ஒட்டுவது உங்கள் வேலை. பின்னேர வெயில் அடிக்கும்போது நட்சத்திரத்தின் நிறம் முழுவதும் தரையில் விழும். பிள்ளை அதைக் காலால் மிதிக்கப் பார்ப்பாள்.

கடதாசிக்கடை

நான் புறக்கோட்டையில் கடதாசி வியாபாரத்தில் இருக்கிறேன். ரீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: டிஷ்யூ தாளையும் கிரேப் தாளையும் ஒன்றாக நினைத்து வாங்காதீர்கள். டிஷ்யூ என்பது வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற மெல்லிய தாள், வெளிச்சம் ஊடுருவும். கிரேப் சுருக்கம் விழுந்தது, இழுத்தால் நீளும். ஈரம் பட்டால் கிரேப்பின் சாயம் கழரும். எச்சில் பட்ட கையால் தொட்டாலே விரலெல்லாம் சிவப்பாகிவிடும். வாயில் வைக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. டிஷ்யூவிலும் கடும் நிறத் தாள்களில் சில கழரும். கடையிலேயே விரலை நனைத்து ஓரத்தில் தொட்டுப் பாருங்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை என்றால் அந்தச் சாயம் கழருவதையே கைவேலையாக்கலாம். வெள்ளை மட்டையை ஈரப் பஞ்சால் தடவி, கிரேப் துண்டுகளை மேலே போட்டு, காய்ந்தபின் தட்டிவிட்டால் தாள் விழுந்துவிடும், நிறம் மட்டும் தங்கும். நத்தார் வாழ்த்து மட்டைக்கு நல்ல வடிவான பின்னணி. தூரிகையே வேண்டாம்.

மொத்தமாக வாங்க மலிபன் வீதி. சோடனைச் சாமான், ரிப்பன், மணி என்றால் கெய்சர் வீதி. டிசம்பர் நடுவில் சனிக்கிழமை மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், நெரிசல் தாங்காது. ஒரு பிள்ளைக்கு வேண்டிய அளவு காலி வீதிக் கடைகளிலேயே கிடைக்கும்.

ஸ்கார்பரோ அக்கா

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே நாங்கள் ஒவ்வொரு வருடமும் உப்பு மாவில்தான் தொங்கவிடும் சோடனை செய்வோம். ஒரு கப் கோதுமை மா, அரைக் கப் தூள் உப்பு, அரைக் கப் தண்ணீர். பிசைந்து தட்டி பிஸ்கட் அச்சால் வெட்டி, ஸ்ட்ரோவால் ஓட்டை போட்டு, ஓவனில் ஆகக் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம். பிள்ளையின் உள்ளங்கையை அதில் அமர்த்தி எடுத்தால் வருடக் கணக்கில் இருக்கும். எங்கள் மகன் பிறந்த வருடம் செய்தது இன்னும் மரத்தில் தொங்குகிறது.

தெமட்டகொடை மழை

அக்கா, அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக் காற்று காய்ந்து கிடக்கும், அதனால் நிற்கிறது. இங்கே நிலைமை வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். கொழும்பில் இரவில் அதைத் தாண்டாத நாள் அரிது, அதிலும் டிசம்பர் மழை நேரம். மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிந்து கட்டிபடுவதை எல்லாரும் பார்த்திருப்போம், அதேதான் சோடனைக்கும் நடக்கும். காய்ந்து கல்லு மாதிரி இருந்தது இரண்டு வாரத்தில் மெதுமெதுவென்று ஆகி, ஓட்டை இழுபட்டு, கீழே விழும். வார்னிஷ் இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் பூசினால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற சின்ன ஃபிளட்டுக்குள் வார்னிஷ் வாடை எதற்கு?

கொழும்புக்கு ஏற்றது அப்பச்சோடா மா. இதற்கு ஓவனும் வேண்டாம். இரண்டு கப் அப்பச்சோடா, ஒரு கப் கோர்ன்ஃபிளவர், ஒன்றேகால் கப் தண்ணீர். எல்லாவற்றையும் சட்டியில் போட்டுக் கரைத்து, அதன்பின் அடுப்பை நடுத்தரச் சூட்டில் வைத்துக் கிண்டுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் ஒரு மாற்றமும் தெரியாது. பிறகு அடியில் கட்டி கட்டியாகத் திரளும். அந்த நேரம் கையை எடுக்கக் கூடாது, அடிப்பிடித்துவிடும். மசித்த உருளைக்கிழங்கின் பதம் வந்ததும் இறக்கித் தட்டில் கொட்டி ஈரத்துணியால் மூடி ஆறவிடுங்கள். மூடாமல் விட்டால் மேலே தோல் பிடித்து வெடிக்கும். நன்றாக ஆறினபின் பிசைந்தால் சந்தனம் அரைத்தது போல வழுவழுவென்று, வெள்ளை வெளேர் என்று வரும். உப்பு மாவுக்கு இந்த வெண்மை கிடைக்கவே கிடைக்காது.

கால் அங்குலத்துக்கு மேல் தடிப்பாகத் தட்டாதீர்கள், உள்ளே காயாது. வெட்டுவதற்கு அச்சு இல்லையென்றால் பால்மாப் பேணியின் மூடியோ தேநீர்க் கப்பின் வாயோ போதும். பிள்ளையின் வேலை அமர்த்துவது. கறிவேப்பிலை நெட்டு, தென்னோலைத் துண்டு, லேஸ் துணி, அவளுடைய பெருவிரல், எதை அமர்த்தினாலும் அச்சு விழும். பெருவிரலை இரண்டு தரம் சாய்த்து அமர்த்தினால் இதயம் மாதிரி ஒரு வடிவம் வரும், அம்மம்மாமார் அதைப் பார்த்தால் விடவே மாட்டார்கள். கம்பி அடுக்கில் வைத்து மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, இடைக்கிடை திருப்பிப் போடுங்கள். மழை நாள் என்றால் இரண்டு நாள் பிடிக்கும்.

பம்பலப்பிட்டித் தாய்

@தெமட்டகொடை மழை அருமை, ஓவன் இல்லாதது எனக்குக் கவலையாக இருந்தது. நிறம் வேண்டும் என்றால் மஞ்சள்தூள் போடலாமா? கடை நிறத்தை விட வீட்டு மஞ்சள் நல்லது என்று நினைத்தேன்.

தெமட்டகொடை மழை

போடலாம், ஆனால் மஞ்சள் நிறம் வராது. அப்பச்சோடா காரத்தன்மை உள்ளது, அதோடு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்வதும், ஆரத்தித் தண்ணியில் சுண்ணாம்பு போட்டுச் சிவக்கவைப்பதும் இதே விஷயம்தான். மாவில் ஒரு தேக்கரண்டி போட்டால் செங்கல் நிறம் வரும். சுட்ட இஞ்சி பிஸ்கட்டின் நிறம் அது, அதையே மனித உருவமாக வெட்டினால் நத்தாருக்குப் பொருத்தம்தான். வெயிலில் தொங்கவிட்டால் மங்கிப்போகும். கதவு, சுவர், வெள்ளைச் சட்டை எல்லாம் கவனம்.

பொரளை தாதி

மேலே எழுதியவர்கள் எல்லாரும் நல்லதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாய் சொன்ன ஒரு வசனத்தை யாரும் முழுதாகப் பிடிக்கவில்லை: "கையில் அகப்படுவதை எல்லாம் வாயில் வைப்பாள்."

உப்பு மாவும் சரி, அப்பச்சோடா மாவும் சரி, இரண்டிலும் சோடியம் மிக அதிகம். நக்கிப் பார்த்தால் சுவை பிடிக்காமல் துப்பிவிடுவாள், அதற்குப் பயம் வேண்டாம். கட்டியாகக் கடித்து விழுங்கும் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் இந்த இரண்டு மாவையும் கொடுக்கவே கூடாது. சிறிய உடம்புக்கு அது உண்மையான ஆபத்து. மாவேலை நடக்கும்போது பெரியவர் ஒருவர் மேசையிலேயே இருக்க வேண்டும். குசினிக்குள் போய் வர நினைத்தால் மாவையும் கையோடு கொண்டு போங்கள்.

கண் மாதிரி ஒட்டுகிற பிளாஸ்டிக் பொட்டு, மணி, முத்து, பொத்தான் எதுவும் மூன்று வயதுக்குள் வேண்டாம். கழிவறைத் தாள் சுற்றி வருகிற மட்டைக் குழாய்க்குள் போகிற சாமான் எதுவும் தொண்டையை அடைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிபோம் என்கிற வெள்ளை நுரை மட்டை இன்னும் மோசம். கடித்தால் சின்ன உருண்டையாக உதிரும், மூச்சுக்குழாய்க்குள் போனால் எக்ஸ்ரேயில் தெரியாது. ஊதின பலூன் வெடித்த துண்டும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் விடப் பயப்பட வேண்டியது பொத்தான் பற்றரி. பாட்டுப் பாடுகிற வாழ்த்து மட்டை, மினுங்குகிற நத்தார் தொப்பி, குட்டி மெழுகுதிரி லைட், இவற்றுக்குள் எல்லாம் அது இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே வேகவைத்துவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், காத்திருந்து பார்க்கவும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருந்தால் நேரே பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூ போட்டுப் பூட்டாத பற்றரி மூடி உள்ள எதையும் இந்த மாதம் வீட்டுக்குள் எடுக்காமல் இருந்தாலே பாதிக் கவலை தீரும்.

மினுக்கத் தூளையும் எனக்குப் பிடிக்காது. கண்ணைக் கசக்கும் வயது இது.

வெள்ளவத்தை அப்பா

@பொரளை தாதி மிக்க நன்றி. மினுக்கத்துக்கு ஒரு மாற்று இருக்கிறது. 400 கிராம் பால்மாப் பெட்டிக்குள் இருக்கும் பக்கெட்டை வெட்டி விரித்தால் உட்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, பெரிய பெரிய நட்சத்திரமாக வெட்டி மட்டையில் ஒட்டினால் போதும். உதிராது, கிழியாது, மழை ஈரத்துக்கும் ஒன்றும் ஆகாது.

நானும் மகனும் மாஸ்கிங் டேப்பில் ஒன்று செய்வோம். வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டில் டேப்பை நத்தார் மர வடிவில் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். அவன் கையாலும் ஸ்பொஞ்சாலும் முழுவதையும் பச்சை நீலமாகப் பூசுவான். கோடு, வடிவம் என்று அவனுக்கு ஒரு தடையும் இல்லை. காய்ந்தபின் டேப்பை உரிக்கும்போது உள்ளே வெள்ளை மரம் வரும். உரிக்கும் வேலையை அவனுக்கே கொடுங்கள், ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும். எங்கள் வீட்டில் பூசுவதை விட அந்த உரித்தலுக்குத்தான் ஆர்ப்பாட்டம்.

கொச்சிக்கடை மாமி

பிள்ளைகளே, மரம், நட்சத்திரம் எல்லாம் சரி. இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற பாலன் கூட்டை யாரும் சொல்லவில்லையே. 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துச் செய்தாரே, அதுதான் நாங்கள் எல்லாரும் பின்பற்றுகிற வழக்கம். அதில் முக்கியமான சாமான் வைக்கோல். வைக்கோலைப் போட இரண்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

கடையில் விற்கிற சுரூபங்கள் பிள்ளையின் கைக்கு ஆகாது, விழுந்தால் உடையும். அதை மேசைக்கு மேல் வையுங்கள். பிள்ளைக்கென்று தனியாக ஒன்று செய்யுங்கள். பெரிய பால்மாப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் மூடியைக் கூரை மாதிரி மடித்தால் கூடு. பேப்பர் பையைக் கசக்கி விரித்து வெளியே ஒட்டினால் பாறை மாதிரி இருக்கும். கசக்கும் வேலை பிள்ளைக்கு. மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லாரும் தாதி சொன்ன அந்த மட்டைக் குழாய்தான். நீலத் துணித் துண்டு சுற்றினால் மாதா, மண்ணிறம் சுற்றினால் சூசையப்பர். முகம் பிள்ளை கீறுகிறபடி இருக்கட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். மாட்டுத் தொட்டிக்கு அரைச் சிரட்டை. ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும்.

நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் துண்டைத் தொட்டிக்குள் போடும். தம்பிக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தால் ஒன்று. சாப்பிட்ட கோப்பையைக் குசினிக்குக் கொண்டுவந்தால் ஒன்று. பாலனுக்குப் படுக்கை மெத்தென்று இருக்க வேண்டுமே என்று பிள்ளைகள் தேடித் தேடிச் செய்வார்கள். பாலனை 24ஆம் திகதி இரவுதான் வைப்போம். அதுவரைக்கும் தொட்டி வெறுமையாக இருப்பதைப் பார்த்து "எப்ப வருவார்" என்று கேட்பார்கள். அந்தக் காத்திருப்புத்தானே திருவருகைக் காலம்.

வைக்கோலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மாம்பழம், பப்பாசிப் பெட்டிக்குள் அடைத்து வருகிற வைக்கோலைப் பழக்கடையில் கேட்டால் சும்மா தருவார்கள். வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள், பூச்சி இருக்கும்.

ஸ்கார்பரோ அக்கா

மாமி, எங்கள் வீட்டிலும் கூட்டுக்கு முன்னால் பயறு முளைக்க விடுவோம், நினைவு வந்துவிட்டது.

கொச்சிக்கடை மாமி

ஓம் மகள், நாங்கள் குரக்கன். பழைய தட்டில் ஈரப் பஞ்சை விரித்து, பிள்ளையின் கையால் தூவவிட்டால் பச்சைப் பசேல் என்று புல் வரும். கூட்டுக்கு முன்னால் வைத்தால் உண்மையான வயல்தான். எப்போது தூவுவது என்றால், டிசம்பர் 13 புனித லூசியாள் திருநாள். கொட்டாஞ்சேனைப் பேராலயமும் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. அன்றைக்குத் தூவினால் 24ஆம் திகதிக்குச் சரியாக இருக்கும். குரோஷியா, ஹங்கேரி நாட்டுக் கத்தோலிக்கரும் இதே நாளில்தான் கோதுமை விதைத்து நத்தாருக்கு வளர்ப்பார்களாம் என்று ஒரு சுவாமி பிரசங்கத்தில் சொன்னார்.

பொரளை தாதி

மாமி, அருமை. தட்டில் தண்ணீர் தேங்க மட்டும் விடாதீர்கள். டெங்கு காலம். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், மிச்சத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

தெகிவளை அம்மா

நாங்கள் சைவம். ஆனால் மகனுடைய முன்பள்ளியில் ஒளிவிழா வைத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கரோல் பாடினார்கள். அன்றிலிருந்து வீட்டிலும் நட்சத்திரம் வேண்டும் என்று நிற்கிறான். பக்கத்து ஃபிளட் பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் மூன்று வயதுதான்.

முன்பள்ளி ரீச்சர்

இரண்டு பிள்ளைகள் என்றால் அச்சுப் பதிப்பதுதான் நல்லது, சண்டை வராது. காமரங்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை நட்சத்திரம் அப்படியே இருக்கும். அது கிடைக்காவிட்டால் அப்பிளைக் குறுக்கே வெட்டுங்கள், நடுவில் விதை அறைகள் ஐந்தும் நட்சத்திரமாக நிற்கும். வெண்டிக்காய் சின்னப் பூவாக விழும். வெட்டின முகத்தைத் துணியால் ஒற்றிக் காயவிட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாறு கலந்து நிறம் பரவும். பிள்ளை இறுக்கிப் பிடிக்க அப்பிளில் ஒரு முள்ளுக்கரண்டியைப் பின்னால் குத்திக் கொடுங்கள். நிறத்தைப் போத்தலில் இருந்து தரக் கூடாது. தட்டில் ஸ்பொஞ்சை நனைத்து வைத்தால் முத்திரைப் பெட்டி மாதிரி அளவாக ஒட்டும்.

கடையில் பொதி சுற்றி வருகிற மண்ணிறத் தாளில் இந்த அச்சைப் போட்டால் அதுவே பரிசு சுற்றும் தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இதே தட்டை எடுக்கலாம், நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

வெள்ளவத்தை அப்பா

லண்டன் அம்மம்மாவுக்கு என்ன அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். கை, கால் அச்சு அனுப்புங்கள். பாதம் உடல், இரண்டு உள்ளங்கையும் செட்டை, மேலே ஒரு முகம் வைத்தால் சம்மனசு. பாதத்தைத் தலைகீழாக வைத்தால் கலைமானின் முகம், உள்ளங்கைகள் கொம்பு.

முன்பள்ளி ரீச்சர்

தம்பி, இதில் எனக்குக் கொஞ்சம் மனவேறுபாடு இருக்கிறது. கலைமானாக்குவதும் முகம் வைப்பதும் பெரியவரின் வேலை. பிள்ளையின் கையை நாம் பிடித்து அமர்த்துகிறோம், அதில் பிள்ளை செய்தது என்ன? முன்பள்ளிகளில் முப்பது பிள்ளைகளுக்கு முப்பது ஒரே மாதிரிக் கலைமான் சுவரில் தொங்குவதைப் பார்க்கும்போது மனம் வருத்தப்படும்.

வெள்ளவத்தை அப்பா

ரீச்சர், வகுப்பறைக்கு நீங்கள் சொல்வதே சரி. ஆனால் பேத்தியை இன்னும் தூக்கிப் பார்க்காத ஒரு அம்மம்மாவுக்கு அந்தக் கையின் அளவே போதும். அவர் தன்னுடைய உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். அதை நான் கைவேலை என்று சொல்லவில்லை, கடிதம் என்று சொல்கிறேன்.

முன்பள்ளி ரீச்சர்

அப்படிச் சொன்னால் சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அச்சை அச்சாகவே விடுங்கள். பக்கத்தில் பிள்ளை தன் பாட்டுக்குக் கீறட்டும்.

அச்சு எடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறத்தில் கையைத் தோய்க்காதீர்கள். ஈரம் உள்ளங்கையில் பட்டதும் பிள்ளை கையைப் பொத்திவிடும், பிறகு விரல் பிரியாது. குழந்தைகளுக்கான, கழுவினால் போகிற போஸ்டர் நிறத்தை ஸ்பொஞ்சில் தொட்டு, மெல்லிசாகத் தடவுங்கள். தாளை மேசையில் வைக்காமல் ஒரு கட்டிப் புத்தகத்தின் மேல் வைத்து, புத்தகத்தைக் கைக்குக் கொண்டு வாருங்கள். நித்திரை வருகிற நேரம் கை இளகி இருக்கும், அதுதான் நல்ல நேரம். ஈரத்துணியை முதலே பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஸ்கார்பரோ அக்கா

இங்கே எல்லாரும் கறுவாப்பட்டையைக் கட்டி நட்சத்திரம் செய்கிறார்கள், வீடெல்லாம் வாசம். நம்முடைய ஊரில் அது இன்னும் சுலபமாக இருக்குமே?

தெமட்டகொடை மழை

அக்கா, அங்கே விற்பது பெரும்பாலும் தடித்த கசியாப் பட்டை. கட்டி இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. இலங்கைக் கறுவா மெல்லிய தோல் பல சுற்றாகச் சுருண்டது, சின்னக் கை இறுக்கினால் நொறுங்கிவிடும். அதனால் கட்டும் வேலை வேண்டாம். நீளமாக உள்ள சுருளை அட்டையில் பசை தடவிய இடத்தில் பிள்ளை வைக்கட்டும், நீளத்திலிருந்து கட்டைக்கு அடுக்கினால் மரம். கறுவாத்தூள் மட்டும் பிள்ளையின் கைக்கு வேண்டாம், ஊதி மூக்கில் ஏறினால் மூச்சுத் திணறும்.

பசைக்குக் கடையில் வாங்க வேண்டியதும் இல்லை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும், வாயில் வைத்தாலும் பயமில்லை. பூச்சி பிடிக்காமல் இருக்க முந்தி துருசு போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாகக் காய்ச்சி அன்றைக்கே முடித்துவிடுங்கள். மாப்பசையில் செய்ததை இரவில் மேசையில் விட்டால் கரப்பான் வந்து நக்கும், மேலே தொங்கவிடுங்கள்.

பம்பலப்பிட்டித் தாய்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கண்ணாடிக் கதவு வேலையை இன்றைக்கே தொடங்கிவிட்டோம். கிழித்த தாளைப் பேசினுக்குள் போட்டு அதற்குள் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒட்டுவதற்கு எழும்ப மனமில்லை, இருந்த இடத்திலிருந்து எட்டின உயரம் வரைக்கும் ஒட்டியிருக்கிறாள். மாமி, பழக்கடையில் வைக்கோலும் கேட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: அப்பச்சோடா மாவில் அவளுடைய பெருவிரல் அச்சை லண்டனுக்குத் தபாலில் அனுப்பலாமா?

கடதாசிக்கடை

கடித உறைக்குள் வைத்தால் முத்திரை குத்தும்போதே உடையும். சின்னப் பெட்டியில் துணி சுற்றி, பொதியாகத்தான் அனுப்ப வேண்டும். கை அச்சு என்றால் பயமில்லை. இரண்டு பால்மாப் பெட்டி மட்டைக்கு நடுவே வைத்து, அச்சின் மேல் ஒயில் பேப்பர் ஒன்று போட்டு, ஓரத்தைச் செலோடேப்பால் மூடுங்கள். ஈரக் காலத்தில் போஸ்டர் நிறம் காய்ந்தது போல இருந்தாலும் அமத்தினால் ஒட்டும், ஒரு நாள் முழுவதும் விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு மூடுங்கள். பண்டிகை நேரம் தபால் தாமதிக்கும், இந்தக் கிழமையே போட்டுவிடுவது நல்லது.